விழாவுக்கு நாற்பது, படிப்புக்கு இருபத்தொன்பது

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலில் வந்தது நுழைவாயில் வளைவு. கட்டடம் நாலு வருஷம் கழித்து வந்தது. நடுவில் அந்த நாலு வருஷமும் வளைவுக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டல். உள்ளே போகலாம், திரும்பி வெளியே வரலாம், அவ்வளவுதான் படிப்பு. அப்புறம் வந்த துணைவேந்தர்கள் ஆளுக்கொன்றைத் தங்கள் பேர் சொல்ல விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் நீரூற்று வைத்தார். ஒருவர் விருந்தினர் விடுதி கட்டினார். இன்னொருவர் எதையும் கட்டவில்லை, இருந்த கட்டடங்களுக்கெல்லாம் பேரை மாற்றினார். ஆறு மாதம் தபால்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டு அலைந்தார். நூலகம் கட்ட மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. சைக்கிள் நிறுத்தப் போட்ட கொட்டகையில்தான் அது இன்னும் இருக்கிறது. மழை பெய்தால் பொருளாதாரப் புத்தகங்கள்தான் முதலில் நனையும்.

இத்தனையையும் இருபத்தொன்பது வருஷம் கூடவே இருந்து பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். தேர்வுப் பிரிவில், விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் வேலை. அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும் பட்டச் சான்றிதழ்களை மதிப்பெண் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்: பேர், தகப்பன் பேர், பாடம், வகுப்பு, வருஷம். சரியாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும். அது மை முத்திரை இல்லை. இரும்புக் கைப்பிடியை இழுத்து அழுத்தினால் காகிதத்திலேயே எழுத்துகள் புடைத்து நிற்கும். பிறகு மேலே ஒரு மெல்லிய தாள், கீழே ஒரு தடித்த அட்டை, உறை, விலாசம். அவள் கை பட்டுப் போனது ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. ஆனால் அவளே திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. புகைப்படத்தில் ஒரு காது தெரியவில்லை என்றால்கூட அனுப்பிவிடுவாள். பட்டதாரிகளின் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. தகப்பன் பேரைத் தப்பாக எழுதின பட்டதாரிகளை வருஷத்துக்கு முப்பது பேராவது பார்த்துக்கொண்டிருந்தால் எவருக்கும் இருக்காது.

ஊழியர்கள் அவளை 'ஒண்ணாம் நம்பர்' என்றார்கள். அது பாராட்டு இல்லை, அவள் அடிக்கடி சொல்லும் பழைய கதைக்குக் கிண்டல்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், பல்கலைக்கழகம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், மூடிப்போன சோப்புத் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் 'பட்டப்படிப்பு மையம்' என்று பலகை மாட்டினார்கள். மூன்று வாத்தியார்கள், பதின்மூன்று மாணவர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் முதல் ஆள் அவள். பதினெட்டு வயது. கரும்பலகையைத் துடைத்தால் துணியில் சோப்பு நுரைக்கும் என்று சொல்வாள், கொஞ்சம் மிகை. மூன்று வருஷம் படித்து, பரீட்சை எழுதி, இரண்டாம் வகுப்பில் தேறினாள். மையத்தின் பேர் அச்சடித்த தலைத்தாளில் தட்டச்சு செய்த ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு எந்த வேலை கேட்டுப் போனாலும், வேலை கொடுக்கிறவர்கள் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். அங்கே ஏதாவது இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒரு மகளும் பிறந்தாயிற்று; அப்போதுதான் மையம் பல்கலைக்கழகமாக மாறியது. வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அன்று நேர்காணலில் நடந்ததை அவள் வார்த்தை மாறாமல் சொல்வாள்.

"இது என்னம்மா?"

"டிகிரி, சார்."

"யார் குடுத்தது?"

"நீங்கதான், சார்."

"நாங்க பொறந்தே மூணு மாசம்தான் ஆகுது. இது எட்டு வருஷத்துக்கு முந்தி குடுத்திருக்கு. நாங்க எப்படிக் குடுத்திருக்க முடியும்?"

பள்ளி இறுதிச் சான்றிதழை வைத்துக் கடைசிப் படியில் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் பேர் மேலே ஏறி, 'பட்டம் இல்லை' என்ற குறிப்போடு கீழே இறங்கும். ஒவ்வொரு வருஷமும் ஊழியர் விவரப் படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் 'பள்ளி இறுதி' என்று தன் கையாலேயே எழுதுவாள். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது தாயின் படிப்பு என்ற இடத்திலும் அதேதான். எட்டு வயதில் அந்த மகள் கேட்டாள், "அம்மா, நீ காலேஜ் போனேன்னு சொன்னியே, பொய்யா?" அடுத்த நாள் அலுவலகத்தில் பதினெட்டு விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு. இந்த மாதம் முப்பதாம் தேதி ஓய்வு.

போன வருஷம் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் நாற்பதாவது ஆண்டு விழா கொண்டாடியது. பெரிய பந்தல், பெரிய ஆட்கள், நாற்பது வருஷம் நிறைந்த நிறுவனங்களுக்கென்று ஒரு சிறப்பு நிதி. எங்கள் துணைவேந்தருக்கு வயிறு எரிந்தது. நமக்கு இருபத்தெட்டுதானே என்று யாரோ சொன்னார்கள். ஏன் இருபத்தெட்டு என்று அவர் கேட்டார். சோப்புத் தொழிற்சாலையைச் சேர்த்துக்கொண்டால் என்ன? வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஆமோதித்துக் கையைத் தூக்கினார். ஆட்சிக்குழு கூடியது, தேநீர் குடித்தது, பல்கலைக்கழகம் தொடங்கிய வருஷம் பதினோரு வருஷம் பின்னால் போகிறது என்று தீர்மானம் போட்டது. ஒரு பிற்பகலில் பதினோரு வயது கூடியது. இப்படி ஒரு வளர்ச்சியை எந்தத் தாயும் பார்த்திருக்க மாட்டாள். உடனே புதுச் சின்னம், புதுத் தலைத்தாள், வளைவில் புது எழுத்து, தேர்வுப் பிரிவுக்குப் புது முத்திரை. அந்த முத்திரையில் வட்டத்தைச் சுற்றிப் பேர், நடுவில் சோப்புத் தொழிற்சாலையில் மையம் தொடங்கிய பழைய வருஷம். போன வருஷப் பட்டமளிப்புக்கு மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்கள். எல்லாவற்றிலும் அவள்தான் குத்தினாள்.

பேராசிரியர் வரலாற்று நூல் எழுத உட்கார்ந்தார். சோப்புத் தொழிற்சாலை காலத்துப் பதிவேடு கிடங்கில் கிடைத்தது. முதல் பக்கம், முதல் வரி. அவர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறித் தேர்வுப் பிரிவுக்கு வந்தார்.

"அக்கா, உங்களை ஒண்ணாம் நம்பர்னு கூப்பிடறாங்களே, அது ஏன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"இருபத்தொம்பது வருஷமா இதே பிரிவுலதான் இருக்கேன் சார்."

"நீங்கதான் நம்ம முதல் மாணவி. விழாவுல மேடையில உக்கார்றீங்க. துணைவேந்தருக்குப் பக்கத்துல. நூல்ல முழுப் பக்கப் படம்."

"முதல் மாணவின்னா, படிச்சு முடிச்சவளா, முடிக்காதவளா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிச்சவங்கதான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப அதை எழுதிக் குடுங்க."

அவர் ஆர்வத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார். வரலாற்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுப்பதற்கு அஞ்சுவதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் புருஷன் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. உலகத்தில் எல்லாமே ஏறும், இறங்கும், நடுவில் மாட்டிக்கொள்ளும் என்பது அவர் அபிப்பிராயம்.

"மேடையா? நல்ல துணி ஒண்ணு எடுக்கணுமே."

"மேடை வேணாங்க. டிகிரி வேணும்."

"எதுக்கு? இன்னும் மூணு வாரத்துல வீட்டுல உக்காரப் போற. எங்கிட்டயா காட்டப் போற?"

"உங்ககிட்ட எதுக்குக் காட்டணும்? நீங்க ஒம்பதாவது."

"பத்தாவதுல பாதி," என்றார் அவர், ஒரு தலையணை உறையை நாலாக மடித்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டா குடுத்துருவாங்களா?" என்றார்.

"அவங்க நாப்பதுன்னா நான் பட்டதாரி. அவங்க இருபத்தொம்பதுன்னா விழா கெடையாது. ரெண்டுல எதுவானாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

மறுநாள் விண்ணப்பம் போட்டாள். தீர்மானத்தின் நகல், பேராசிரியரின் கடிதம், பழைய சான்றிதழ், இரண்டு காதும் தெரியும் புகைப்படம். அதை வாங்க வேண்டியவன் பிரிவு அலுவலர். வயது முப்பத்துநாலு, அவள் 'தம்பி' என்பாள். அவன் பட்டத்துக்கும் அவள்தான் முத்திரை குத்தி அனுப்பினாள். அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் அவளுக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இதெல்லாம் எதுக்கு? போற நேரத்துல."

"போற நேரம்னாலதான்."

"இதை ஏத்துக்கிட்டா மத்த பன்னெண்டு பேரும் வருவாங்க. அதுக்கடுத்த பத்து செட்டும் வரும். முந்நூறு பேர்."

"வரட்டும். வரிசையில நிக்கட்டும். ஜன்னல் எதுக்கு இருக்கு?"

"நான் மேல அனுப்பறேன். ஆனா நேரமாகும்."

எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். கோப்பு எப்படிச் சாகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஒரு மேஜையில் 'பார்க்கவும்', அடுத்த மேஜையில் 'பேசவும்', அதற்கடுத்த மேஜையில் ஆள் விடுப்பு. முப்பதாம் தேதி தாண்டிவிட்டால் அவள் வெளியாள். வெளியாளின் கோப்பு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கிழவியின் கோப்பு. 'நாளைக்கு வாங்கம்மா' என்பதை அவளே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் இந்தக் கோப்பு விறுவிறுவென்று ஓடியது. முந்நூறு பேர் வந்து நிற்பார்கள் என்ற பயம் தள்ளிக்கொண்டு போயிற்று. எட்டே நாளில் ஆட்சிக்குழு மறுபடி கூடியது, மறுபடி தேநீர் குடித்தது. அடுத்த நாள் காலை பதிவாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

பதிவாளரின் அறையில் எட்டு நாற்காலிகள். உட்காரச் சொல்கிற பழக்கம் கிடையாது. அவர் மெலிந்த மனிதர், எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். ஆம் என்றும் சொன்னதில்லை. இரண்டுக்கும் நடுவில் முப்பது வருஷம் ஓட்டியிருந்தார். துணைக்குத் தம்பி ஓரமாக நின்றான்.

"உங்க விஷயத்துல ஆட்சிக்குழு ரொம்பக் கரிசனமா இருந்துதும்மா," என்று தொடங்கினார். "நல்ல தீர்மானம் ஒண்ணு போட்டிருக்காங்க. படிக்கறேன். 'பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டு, விழா நோக்கங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்தையதாகவும், கல்வி நோக்கங்களுக்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தையதாகவும் கொள்ளப்படும்.'"

"இன்னொரு தடவை படிங்க சார்."

படித்தார். இரண்டாம் முறை அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்ததுபோலிருந்தது.

"அப்ப நான் விழாவுக்குப் பட்டதாரி. வீட்டுக்குப் போனா பள்ளி இறுதி."

"அப்படி எடுத்துக்கக் கூடாது. மேடையில உங்களுக்குக் கேடயம் இருக்கு. பெருசு."

"எந்தத் தேதியிலேர்ந்து இது?"

"போன வருஷத் தீர்மானத்துக்கே திருத்தம். அதனால அன்னியிலேர்ந்து."

அடுத்து அவள் கேட்டது அதுவரை அவளுக்கே தோன்றியிருக்கவில்லை என்று பிற்பாடு புருஷனிடம் ஒப்புக்கொண்டாள். வலது மணிக்கட்டு வலித்ததாம். போன வருஷம் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தடவை கைப்பிடியை இழுத்ததிலிருந்து விட்டு விட்டு வலிக்கிறது. அதைத் தேய்த்துவிட்டபோதுதான் முத்திரை ஞாபகம் வந்ததாம்.

"சார், பட்டச் சான்றிதழ் விழாவா, கல்வியா?"

"என்ன கேள்வி இது? கல்விதான்."

"நம்ம முத்திரையில என்ன வருஷம் இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

பதிவாளர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தான். முத்திரையை யாரும் படிப்பதில்லை. விரலால் தடவி, இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வார்கள். தம்பி ஓடிப்போய் அனுப்பாமல் மிச்சமிருந்த சான்றிதழ் ஒன்றை எடுத்து வந்தான். பதிவாளர் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வட்டத்தின் நடுவைப் படித்தார்.

"பழைய வருஷம் இருக்கு," என்றார் மெதுவாக.

"மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டுல இருக்கு. படிப்புக்கு நாம இருபத்தொம்பதுதான்னா, இத்தனையும் கல்விக் கணக்குல இல்லாத ஒரு வருஷத்தைப் போட்டுக் குடுத்ததா ஆகுது. பாதிப் பேர் வேலைக்குப் போயிட்டாங்க. வெளிநாட்டுக்கு எழுபது எண்பது போயிருக்கு. அங்கெல்லாம் முத்திரையை லென்ஸ் வெச்சுப் படிப்பாங்க. சரிதானான்னு கேட்டுக் கடிதம் வரும். நீங்கதான் பதில் போடணும்."

"இதை முன்னாடியே ஏன் சொல்லலை?"

"முன்னாடி சரியா இருந்துது சார். நேத்துத்தான் தப்பாச்சு."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டான். பதிவாளர் சான்றிதழைக் கவிழ்த்து வைத்தார், அது தன்னைப் பார்க்கிறாற்போல.

"திரும்ப வாங்கி வேற குடுத்துடலாமே," என்றார்.

"குடுக்கலாம். உங்க பொண்ணோடதும் இந்தக் கட்டுலதான் போச்சு. தாவரவியல், முதல் வகுப்பு. நானே குத்தினேன். நல்லா அழுத்தித்தான் குத்தினேன்."

பதிவாளர் முதல் தடவையாக அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"சேர்க்கை எண் ஒண்ணு. மூணு வருஷப் படிப்பு. ரெண்டாம் வகுப்பு. இருபத்தொம்பதாம் தேதிக்குள்ள."

"உங்களுக்கு மட்டும்னா, ஒரு சிறப்பு நேர்வா வெச்சு..."

"சிறப்பெல்லாம் வேணாம் சார். எல்லாருக்கும் குடுக்கற மாதிரி குடுங்க. மத்தவங்க விண்ணப்பம் போட்டா அவங்களுக்கும். எங்க செட்டுல ரெண்டு பேர் போட மாட்டாங்க. செத்துட்டாங்க."

திருத்தத் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. அதற்காக மூன்றாவது முறையாகத் தேநீர். பல்கலைக்கழகம் எல்லா நோக்கங்களுக்கும் நாற்பது என்று ஆகிவிட்டது.

விழா நடந்தது. சான்றிதழ் இன்னும் கைக்கு வராததால் அவள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் அலமாரியை ஒழித்தாள். மேடையில் அவளுக்குப் போட்ட நாற்காலியில் பந்தல் போட்டவர் உட்கார்ந்துகொண்டாராம். கேடயத்தை வாங்க ஆளில்லாமல் பேராசிரியரே வாங்கிக்கொண்டு, பேராசிரியருக்கே உரிய அடக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டார். துணைவேந்தர் நாற்பது வருஷப் பாரம்பரியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவர் இந்த ஊருக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி காலை சான்றிதழ் தயாரானது. தன் சான்றிதழைத் தானே சரிபார்க்கக் கூடாது, தானே முத்திரை குத்தக் கூடாது என்று விதி இருக்கிறது; அந்த விதியை எழுதச் சொன்னவளே அவள்தான். எல்லாவற்றையும் தம்பி செய்தான். முடித்துவிட்டு, "அக்கா, வந்துடுச்சு, இந்தாங்க," என்று மேஜைக்கு மேல் நீட்டினான்.

அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு ஊழியர் வாசல் வழியாக வெளியே போனாள். மூன்று மாடி இறங்கி, கட்டடத்தைச் சுற்றி வந்து, மறுபக்கத்துப் படியில் மூன்று மாடி ஏறி, ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றாள். முன்னால் நாலு பேர்.

தம்பி எட்டிப் பார்த்தான். "என்னக்கா இது? உள்ள வாங்க. எதுக்கு நிக்கறீங்க?"

"முன்னாடி நாலு பேர் இருக்காங்க தம்பி. அவங்களைப் பாருங்க."

நாலு பேரையும் அனுப்ப அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவருக்குப் புகைப்படம் சரியில்லை. அவள் எட்டிப் பார்த்து, "அதை வாங்காதீங்க, நெத்தி தெரியலை," என்று சொன்னாள். அந்த ஆள் அவளை முறைத்துவிட்டுப் போனார்.

அவள் முறை வந்தது. தம்பி உறையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதை."

அவன் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தான். "அடையாளச் சான்று இருக்கா?" என்று கேட்டான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஊழியர் அட்டையைக் கொடுத்தாள். இன்னும் ஒரு நாளைக்குச் செல்லும். அவன் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பதிவேட்டில் எண்ணை எழுதினான். அவள் உறையைப் பிரித்து, மெல்லிய தாளை விலக்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். பேர். தகப்பன் பேர். பாடம். வகுப்பு. வருஷம். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"அம்மா, வீட்டுல போய் நிதானமாப் படிங்களேன்," என்றான் பின்னால் நின்றவன்.

"வீட்டுல போய்த் தப்பு கண்டுபிடிச்சா திரும்ப வரணும்," என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமல். "இவங்க திருத்தித் தர ஏழு மாசம் ஆகும். எனக்குத் தெரியும்."

தப்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை. அது அவளுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நேரத்தையும் எழுதினாள், அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும். பிறகு பின்னால் நின்றவனுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். மதியத்துக்குள் அவள் மேஜைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நாற்பது சான்றிதழ்கள் முத்திரைக்குக் காத்துக்கிடந்தன.